ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்க மூன்று மாதம்

எந்தக் கம்பெனி ஹார்ட் டிஸ்க் நல்லது என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். கரமனையில் எங்கள் தெருவில் இதை ஆராய்ந்தவன் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. கடைக்குப் போய்க் கைக்குக் கிடைத்ததை இரண்டாக வாங்குங்கள் என்று மட்டும் சொல்கிறேன். கேட்டவர்களுக்கு முகம் சுருங்கிப் போகிறது. மாதக்கணக்கில் உட்கார்ந்து அட்டவணை போட்டவனிடம் நீளமான பதில் கிடைக்கும் என்று நினைத்து வந்திருப்பார்கள்.

அட்டவணை போடுவது என் தொழில். ஓர் அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். நாற்காலி வாங்கினாலும் ஜெனரேட்டர் வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். மூன்றையும் வரிசையாக வைத்து ஒப்பீட்டு அட்டவணை போட வேண்டும். என் அட்டவணையில் ஆடிட்காரர்கள் ஒருமுறைகூட விளக்கம் கேட்டதில்லை. அந்தத் திமிரோடுதான் வீட்டுக் காரியத்திலும் இறங்கினேன்.

என் மனைவி கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறாள். மழைக்காலம் வந்தால் வித்துராவுக்கு பஸ் ஏறிவிடுவாள். அங்கிருந்து பொன்முடி சாலையிலோ போனக்காடு சாலையிலோ நடந்து, சாயங்கால வேளையில் தவளைகளின் குரலைப் பதிவு செய்வாள். இப்படிப் பதினோரு மழைக்காலம் போயிருக்கிறாள். அந்தப் பகுதித் தவளைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். அதில் ஏழாவது அத்தியாயம் அவளுக்கு உயிர். பொன்முடி சாலைப் பக்கம் மட்டுமே உண்டு என்று எல்லோரும் எழுதிவைத்திருக்கும் ஒரு சின்னத் தவளையின் குரலை, அவள் ஒருநாள் போனக்காடு சாலையில் பிடித்திருந்தாள். தவளை கண்ணில் படவில்லை. அந்த ஒலிப்பதிவு ஒன்றுதான் சாட்சி.

அதுவும் சேர்த்துப் பதினோரு வருடமும், பழையதைக் கழித்துவிட்டு இரண்டு வருடம் முன்பு வாங்கிய ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. லேப்டாப்பில் இடமில்லை. ரெக்கார்டரின் கார்டை அழித்துவிட்டுத்தான் அடுத்த பயணம் போக முடியும்.

சித்திரைக் கடைசியில் அவள் சொன்னாள்: "டிஸ்க் கரகரங்கறது. இன்னொண்ணு வாங்கிண்டு வாங்கோ. எதுவானாலும் சரி."

எதுவானாலும் சரி என்று சொல்லிப் பொருள் வாங்குகிறவர்களை அலுவலகத்தில் வருடக்கணக்காகக் கேலி செய்திருக்கிறேன். அதையே என் மனைவி சொல்கிறாளே என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

வலியசாலைப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. கடைக்காரர் மலையாளி. எங்கள் அக்கிரகாரத் தெருக்காரர்கள் எல்லோரும் அவருக்குச் சாமிதான்.

"சாமிக்கு நல்லது வேணுமோ, ஸ்டாக் உள்ளது வேணுமோ?" என்றார்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஸ்டாக் உள்ளது இன்னைக்குக் கிட்டும். நல்லது ஞான் இதுவரைக்கும் கண்டதில்லை."

எந்தக் கம்பெனி அதிகம் பழுதாகிறது என்று கேட்டேன். "கெட்டுப்போனா ஆளு வந்து சண்டை போடும். நல்லா ஓடினா ஒருத்தனும் வந்து 'நல்லா ஓடுது'ன்னு சொல்லமாட்டான். பின்னே எனக்கு எப்படித் தெரியும் சாமி?" என்றார். அன்றைய டயரியில் நான் எழுதியது: "கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. தகவல் வேறிடத்தில் திரட்ட வேண்டும்." அந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான தகவல் அவர் சொன்னதுதான் என்று இப்போது தெரிகிறது.

வேறிடம் என்றால் இணையம். எல்லோராலும் ஏற்கப்பட்ட மூன்று கம்பெனிகளை எடுத்துக்கொண்டேன். அவற்றுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைத்தேன். வாங்கியவர்கள் எழுதிய மதிப்புரைகளை ஒரு மாதம் படித்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் பெட்டி அழகாக இருக்கிறது என்கிறார். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர் பெட்டி நசுங்கி வந்தது என்கிறார். நேற்று வாங்கிய பொருள் பல வருடம் உழைக்கும் என்று இன்று காலை சான்றிதழ் கொடுக்கிறார் இன்னொருவர். ஒருவர் 'அ'வைத் தவிர வேறெதையும் தொடமாட்டாராம், அவர் மாமாவும் அதைத்தான் வைத்திருக்கிறாராம். இவ்வளவு குப்பையையும் நான் பகுத்து, தேதிவாரியாக அடுக்கி, நம்பகத்தன்மை என்ற பத்தியில் மதிப்பெண்ணாக மாற்றினேன். குப்பையை அடுக்கிவைத்தால் ஆவணம் ஆகிவிடும் என்ற எண்ணம் எங்கள் பிரிவில் எல்லோருக்கும் உண்டு.

அடுத்தது வாரண்டி. மூன்று கம்பெனி நிபந்தனைகளையும் அச்செடுத்து வரிக்கு வரி படித்தேன். எத்தனை வருடம், ரசீது வேண்டுமா, கீழே விழுந்தால் உண்டா, எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்தி. மூன்றிலும் ஒரு நிபந்தனை பொதுவாக இருந்தது: உள்ளே பதிந்திருப்பதற்குக் கம்பெனி பொறுப்பல்ல. எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. மூன்று கொட்டேஷனுக்கும் ஒன்றாகவே இருக்கிற அம்சத்தை அட்டவணையிலிருந்து எடுத்துவிடுவோம். அதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாதல்லவா. அதன்படி அந்தப் பத்தியை அடித்தேன். ஸ்கேல் வைத்து நேராக அடித்தேன்.

வேகம் மிச்சமிருந்தது. பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை நம்புகிறவனா நான்? அலுவலக நண்பர்கள் மூவர் புதிதாக டிஸ்க் வாங்கியிருந்தார்கள். வேண்டுமென்று கேட்டதில் அ, ஆ, இ மூன்றும் இரவலாகக் கிடைத்தன. சோதனைக்கு ஒரே அளவுகோல் வேண்டும் என்பதால், மனைவியின் டிஸ்க்கில் இருந்த அவ்வளவையும் ஒவ்வொன்றிலும் காப்பி எடுத்தேன். கையில் ஸ்டாப்வாட்ச். முதலாவதற்கும் கடைசியானதற்கும் இருந்த வித்தியாசம், ஒரு காப்பி போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவிவைக்கும் நேரம். அதற்கும் மதிப்பெண் போட்டேன். சோதனை முடிந்ததும் மூன்றையும் சுத்தமாக ஃபார்மட் செய்து, துடைத்து, உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பிறத்தியார் பொருளில் நம் சாமான் இருக்கக் கூடாது.

ஆனிக் கடைசியில் முடிவு வந்தது: 'ஆ'. அட்டவணையை மனைவியிடம் காட்டினேன்.

"அப்போ நாளைக்கு வாங்கிடலாம், அல்லே?" என்றாள்.

"ஆடி பொறக்கப்போறதே. இன்னும் ஒரு மாசம் போனா ஓணம் ஆஃபர். வாரண்டி ஒரு வருஷம் கூடத் தருவா."

இந்த ஊரில் கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில், யாரும் பெரிதாக எதுவும் வாங்குவதில்லை. ஃப்ரிட்ஜோ டிவியோ, எல்லாம் ஆவணி பிறந்து ஓணத்துக்குத்தான். ஊரோடு சேர்ந்து நானும் புத்திசாலியாகக் காத்திருந்தேன்.

"டெண்டர் நோட்டீஸ் தவளைக்கும் அனுப்பிச்சேளா? ஓணம்வரைக்கும் கத்தாம இருக்கச் சொல்லி?" என்றாள் அவள். பிறகு விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

ஆடி மூன்றாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் டிஸ்க்கை லேப்டாப்பில் செருகினாள். டக், டக், டக் என்று நகத்தால் மேஜையைத் தட்டுவதுபோல ஒரு சத்தம். பிறகு அதுவும் நின்றது. கேபிளை மாற்றினேன், வேறு கம்ப்யூட்டரில் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "போனக்காடு" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள்.

நான் ஓடிப்போய் ரசீதைத் தேடினேன். ஒரு நிமிடத்தில் எடுத்தேன், என் கோப்புகள் அப்படி. வாரண்டி முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. எனக்கு நிஜமாகவே நிம்மதி வந்தது என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

மறுநாள் இருவரும் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் ரசீதைப் பார்த்தாள், எண்ணைத் தட்டினாள். "பிரச்சினை இல்லை சார். புதுசு தரும். பழசு இங்கே வைக்கணும்," என்றாள்.

"இதுக்குள்ளே இருக்கறது?" என்று கேட்டாள் என் மனைவி.

"அது கம்பெனிக்கு விஷயமல்ல, மேடம்."

"திறந்து எடுத்துத் தர முடியாதா?"

"வெளியே கொடுத்துத் திறக்கலாம். பின்னே வாரண்டி போகும்."

ஸ்கேல் வைத்து அடித்த பத்தி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. இருந்தும் என் கை ஃபாரத்தில் பெயர், விலாசம் எல்லாம் நிரப்பிக்கொண்டிருந்தது. புதுசு தருகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது விடுவதற்கு என் கைக்குப் பழக்கமில்லை. மனைவி கவுண்டரில் இருந்த டிஸ்க்கை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"வாரண்டியை நீங்க வெச்சுக்கோங்கோ," என்றாள்.

செத்த டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்டுத் தருகிற ஒருவர் பட்டம் என்ற பகுதியில் ஒரு மாடியறையில் இருந்தார். கம்பெனி ஒட்டியிருந்த முத்திரையைக் கத்தியால் கீறியபடியே, எல்லோரிடமும் கேட்பதுபோல, "வேறே காப்பி ஒண்ணும் இல்லே?" என்றார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். நடந்ததை நடந்தபடி சொல்லிப் பழகிவிட்டதால் சொன்னேன். வேகம் பார்ப்பதற்காக மூன்று டிஸ்க்கில் முழுக் காப்பி எடுத்ததையும், அப்புறம் அழித்ததையும்.

மனைவிக்கு அது தெரியாது. "மூணு காப்பி எடுத்தேளா?" என்றாள்.

"ஆமாம்."

"மூணையும் அழிச்சேளா?"

"அது அவாளோட டிஸ்க்."

கத்தி வைத்திருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சாருக்கு எந்த டிப்பார்ட்மெண்ட்?" என்று கேட்டார். அழித்ததை மீட்க முடியுமா என்று அன்று சாயங்காலமே மூன்று நண்பர்களுக்கும் ஃபோன் செய்தேன். ஒன்றில் கல்யாண வீடியோ நிறைந்திருந்தது, மற்ற இரண்டில் சினிமா. காலி டிஸ்க்காக இருந்தாலும் கிடைத்திருக்காது. அழிக்கிற வேலையை நான் அரைகுறையாகச் செய்வதில்லை.

அதே வாரம், ஆடியிலேயே, மனைவி வலியசாலைக் கடைக்குப் போய் ஸ்டாக்கில் இருந்ததை இரண்டு வாங்கி வந்தாள். எந்தக் கம்பெனி என்று நான் பார்க்கவில்லை.

மீட்பவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். முக்கால்வாசி வந்தது. வந்ததில் ஒலி இருந்தது, பெயர் இல்லை. வருடம், இடம், தேதி என்று நான் அழகாகக் கட்டிவைத்த ஃபோல்டர்கள் ஒன்றுகூட வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் எண் போட்ட ஆயிரத்துச் சொச்சம் ஒலிகள்.

உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தோம். சிலவற்றில் முதலில் அவள் குரல் வந்தது: "வித்துரா தாண்டி ரெண்டாவது பாலம், ஆறு இருபது, மழை விட்டுப் பத்து நிமிஷம்." அதற்குப் பிறகு தவளை. இவையெல்லாம் முதல் நான்கு வருடத்துப் பதிவுகள். மற்றவற்றில் எடுத்த எடுப்பிலேயே தவளை. ஐந்தாம் வருடம் நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன், ஃபோல்டர் பெயரிலேயே எல்லாம் இருக்கிறதே, ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்வது வீண், பதிவும் அசிங்கமாக இருக்கிறது என்று. ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருந்தால் எனக்குப் பிடிக்காது. அவளும் அதன் பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

கேட்டவுடன் எந்தத் தவளை என்று அவளால் சொல்ல முடிந்தது. எங்கே, எந்த நாள் என்பதற்கு அவளுடைய நோட்டுப்புத்தகங்கள் மட்டும்தான். அதில் ஒவ்வொரு பதிவுக்கும் இடம், நாள், கேட்ட தவளைகள், எத்தனை நிமிடம் என்று எழுதியிருந்தாள். நிமிடத்தை வைத்து ஒலிகளைப் பொருத்தும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அறுநூறுக்கு மேல் பொருத்தினேன். அதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். என் கையால் கலைத்ததில் பாதியைத்தான் திருப்பி அடுக்கினேன்.

அந்தச் சின்னத் தவளையின் குரல் ஒரே ஒரு பதிவில் கிடைத்தது. அதன் முன்னால் இடம் சொல்லும் அவள் குரல் இல்லை. ஒன்பது நிமிடம். நோட்டில் பார்த்தேன். அதன் குரல் என்று எழுதிய பதிவுகள் இரண்டு. ஒரே வாரத்தில் பொன்முடி சாலையில் ஒன்று, போனக்காடு சாலையில் ஒன்று. இரண்டும் ஒன்பது நிமிடம். ஒன்று தப்பியது, ஒன்று போயிற்று. எது எது என்று சொல்ல வழியில்லை.

"தண்ணி ஓடற சத்தம் கேக்கறது பார். போனக்காட்டுலதான் பக்கத்துல ஓடை," என்றேன்.

"மழைக்காலத்துல எங்கே தண்ணி ஓடலை?"

"போனக்காடுன்னு போடு. தப்புன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது."

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "உங்க டயரில இதைப் போனக்காடுன்னு எழுதுவேளா?"

எழுதமாட்டேன் என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு மறுபடி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். அந்த ஒன்பது நிமிடத்தையும் முதலிலிருந்து கடைசிவரை இன்னொருமுறை கேட்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

ஐப்பசியில் புத்தகம் பதிப்பாளருக்குப் போனது. ஏழாவது அத்தியாயம் ஏன் இல்லை என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். அவள் எழுதிய பதிலை, அவளுடைய எல்லாக் கடிதங்களையும்போல, பிழை பார்க்க என்னிடம் தந்தாள். "குரல் இருக்கிறது. எந்த இடத்தில் பதிவானது என்பது உறுதியாகத் தெரியவில்லை. ஆகையால் சேர்க்கவில்லை." இரண்டு முறை படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. அப்படியே அனுப்பச் சொன்னேன்.