பி-12 ஊசியும் எறா வறுவலும்

மரக்காணத்தில் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே லெக்சரை ஆரம்பித்த அப்பா என்றால் அது அருண்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, இயற்கையோடு வாழக் கிளியனூர் பக்கம் நிலம் வாங்கியவர். அந்த இயற்கையை ஏசி காரில் உட்கார்ந்தபடி பார்த்துவருவார்.

"நாங்க வீகன், சிஸ்டர். பால், முட்டை, தேன் எதுவும் வீட்டுக்குள்ள வராது. பாப்பாவுக்குத் தாய்ப்பாலு, கேவுரு கஞ்சி, பாதாம் பாலு. அவ்ளோதான்."

அவர் மனைவி சுதாவுக்குப் பேசவே தெம்பில்லை. மடியில் பத்து மாதப் பெண் குழந்தை. நன்றாக உட்கார்ந்து விளையாடியது, இப்போது சாய்ந்தே கிடக்கிறதாம். கிலுகிலுப்பையை ஆட்டினேன். திரும்பவில்லை. முகம் வெளுத்து, விரல் கணுக்கள் கறுத்திருந்தன.

அம்மா, குழந்தை ரெண்டு பேர் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்ததும் டாக்டரம்மா கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்தார்.

"பி-12 சுத்தமா இல்ல. அம்மா உடம்புல இல்ல, அதான் பால்லயும் இல்ல. செடி கொடி சாப்பிடறது தப்பில்ல. ஆனா இந்த வைட்டமின் அதுல கிடைக்காது, தனியா எடுத்துக்கணும். இன்னிக்கே ஊசி ஆரம்பிக்கலாம். விட்டா மூளை வளர்ச்சியே பாதிக்கும்."

"கெமிக்கல் வேணாம் டாக்டர். நானும் இதே சாப்பாடுதான். என்னைப் பாருங்க!" அருண் எழுந்து நின்றே காட்டினார். தளதளவென்றுதான் இருந்தார்.

எங்கள் கிளினிக்கில் ஆலோசனைக்கும் ஊசிக்கும் ஒரே அறை. மகனுக்குத் தடுப்பூசி போட, ஈசிஆரில் ஓட்டல் நடத்தும் காதர் பாய் உள்ளே வந்தார்.

"அட, சார்! ரெண்டு நாளா ஆளையே காணோம்? எறா வறுவல் உங்களுக்குன்னு எடுத்து வெச்சேனே!"

நின்றுகொண்டிருந்த அருண் உட்கார்ந்துவிட்டார்.

"அது... ஃப்ரெண்ட்ஸுக்குப் பார்சல்," என்றார் அருண்.

"பார்சலா? இல்லையே சார், நம்ம கடையிலயே ஒக்காந்து, ஆஃப் பாயிலோட..." பாய் உதவி செய்வதாகவே நினைத்தார்.

சுதா கணவர் பக்கம் திரும்பவே இல்லை. "பாப்பாவுக்குப் போடுங்க டாக்டர். எனக்கும் போடுங்க."

"சுதா, வீட்ல பேசிட்டு..."

"நீ வெளிய போய் நில்லு."

போய் நின்றார்.

ஊசிகள் தொடர்ந்தன. சில நாட்களில் குழந்தை கிலுகிலுப்பையைப் பிடுங்கியது. பிறகு என் மூக்குக் கண்ணாடியை. சுதா இன்றும் கறி, மீன், பால் தொடுவதில்லை. பருப்பும் சோயாவும் எள்ளும் அரைத்து ஊட்டி, டாக்டர் எழுதித் தந்த சொட்டு மருந்தைத் தவறாமல் கொடுத்துத்தான் மகளை வளர்க்கிறாள். கொள்கை அவளுடையது. அருணிடம் இருந்தது மைக் மட்டும்.

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்களுக்கு இப்போதும் ஒன்று சொல்வேன். வீகன் என்றதும் சண்டைக்குப் போகாதீர்கள். அம்மா என்ன சாப்பிடுகிறாள், பி-12 எடுக்கிறாளா என்று கேளுங்கள். அவளிடமே கேளுங்கள். பக்கத்திலிருந்து யாராவது பதில் சொல்லத் துடித்தால், அவரை டோக்கன் வாங்க அனுப்பிவிடுங்கள்.