சிவப்பு வட்டம் எரிந்தால் பாடாதவள்

குழந்தைக்கு முதலில் எதைப் பழக்க வேண்டும்? பாடுவதையா, மற்றவர் பாடும்போது பேசாமல் இருப்பதையா? என் மகளுக்கு நான்கு வயது முடியப் போகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

கல்யாணமான புதிதில் மாமல்லபுரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். பக்கத்து மனையில் சிற்பப் பட்டறை. காலையில் உளிச் சத்தம் தொடங்கும். நடுநடுவே கல் அறுக்கும் மெஷின் கூவும். என் கணவருக்குக் கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. யாரிடமும் கற்காமல், கேட்டுக் கேட்டே கீபோர்டு பழகியவர். நான் பள்ளி நாட்களில் சில வருடங்கள் முறையாகப் பாட்டு கற்றவள். ஒரு ஸ்வரம் பிசகினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் அவர் லேப்டாப்பில் இலவசமாகக் கிடைக்கும் ரெக்கார்டிங் மென்பொருள் ஒன்றை இறக்கினார். புதிதாகத் தொடங்குபவர்களுக்கானது என்று போட்டிருந்தது. ஆனாலும் எதைத் தொட்டால் எது அழியுமோ என்று நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணும் வெடிக்காதும்மே, தட்டிப் பாரு."

சிவப்பு வட்டத்தைத் தட்டினால் பதிவாகும். சதுரத்தைத் தட்டினால் நிற்கும். ஒரு வரிசையில் அவருடைய கீபோர்டு, அதற்குக் கீழே என் குரல், அதற்கும் கீழே அவர் எவர்சில்வர் சம்படத்தில் போட்ட தாளம். மூன்றும் முதல் தடவை சேர்ந்து ஒலித்தபோது, வீட்டுக்குள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. நாங்கள் இரண்டே பேர்தான்.

பட்டறைக்காரர்கள் மத்தியானம் சாப்பிட உட்காரும் நேரம்தான் எங்கள் நேரம். ஜன்னலைச் சாத்தி, துணி காயப்போடும் ஸ்டாண்டில் ஜமக்காளத்தையும் போர்வையையும் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்துவோம். அந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் வேர்வை கண்ணுக்குள் இறங்கும். அடுப்பில் குக்கர் இருக்கக் கூடாது.

நான் திரும்பத் திரும்பப் பாடுவேன்.

"இன்னாம்மே, இன்னொரு வாட்டியா? நீ எங்க தப்பு பண்ணேன்னு கேக்கறவனுக்குத் தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியுமேங்க."

"அப்ப நீயே போட்டுக் கேட்டுக்க. எனக்குப் பசிக்குது."

திட்டிக்கொண்டேதான் மறுபடி கீபோர்டில் கை வைப்பார். கோப்புகளுக்கு அவர் வைத்த பெயர்கள்: 'கடைசி', 'கடைசிக்கும் கடைசி', 'அம்மா தாயே போதும்'. அந்தப் பாட்டுகளை எங்களைத் தவிர ஏழெட்டுப் பேர் கேட்டிருப்பார்கள். இன்றைக்குப் போட்டுக் கேட்டால் என் குரலுக்கு அடியில் எங்கோ ஓர் உளி தட்டுகிறது. சாப்பாட்டை முடித்துவிட்டு யாரோ சீக்கிரம் எழுந்துவிட்டார். அன்று அதற்காக அழுதேன். இன்று அந்த இடம் வரும்போது ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்கிறேன்.

மகள் பிறந்த பிறகும் நாங்கள் விடவில்லை. தூளியில் விழித்துக் கிடப்பாள். சிவப்பு வட்டத்தைத் தட்டும் முன் அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பேன். முதலில் விளையாட்டுக்குத்தான் செய்தேன். ஆனால் தவழ ஆரம்பித்ததும் அவளே திரையைப் பார்த்து விரலை வைத்துக்கொள்ளத் தொடங்கினாள். பாட்டு முடிந்து வட்டம் அணையும்வரை மூச்சுச் சத்தம்கூட வராது. வந்தவர்களுக்கெல்லாம் செய்துகாட்டிப் பெருமைப்பட்டோம்.

"இன்னா அண்ணி, கொழந்தைக்கு சுவிச்சு வெச்சிகிறியா?" என்று என் நாத்தனார் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு செங்கல்பட்டுக்கு மாறிவந்தோம். இங்கே உளிச் சத்தம் இல்லை, ரயில் சத்தம். மகள் எழுந்ததிலிருந்து பாட்டுதான். மாமல்லபுரத்துக்குப் பஸ்ஸில் போய்வந்ததில், கண்டக்டர் கூவும் ஊர்ப் பெயர்களைக் கோத்து அவளே ஒரு பாட்டு கட்டினாள். திருக்கழுக்குன்றத்தில் ராகம் மேலே ஏறும். கடைசியில் "எறங்கு எறங்கு சீக்கிரம் எறங்கு" என்று குதிக்க வேண்டும். எனக்குக்கூட அதில் திருத்த ஒன்றும் தோன்றவில்லை.

அதைப் பதிவு செய்யலாம் என்று அவர் மைக்கைத் தாழ்த்தி வைத்தார். சிவப்பு வட்டம் எரிந்தது. மகள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டாள்.

"பாடு கண்ணு. இப்ப நீ பாடலாம்."

தலையை ஆட்டினாள். திரையைக் காட்டிக் கிசுகிசுத்தாள்: "எரியுதும்மா."

"எரிஞ்சா பாடணும்டா."

"அம்மாதான் பாடணும். பாப்பா கம்முனு இருக்கணும்."

என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம் பள்ளியில் ஆண்டு விழா ஒத்திகை. கையில் கொடுத்த மைக்கில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் பாடும் பெண், மேடையில் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றாளாம். "கொஞ்சம் கூச்சம் போல, சரியாயிடும்" என்றார் டீச்சர். கூச்சம் இல்லை என்று எனக்குத் தெரியும். எப்படி விளக்குவது என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முறை முயன்று தோற்றோம். அதற்குள் கேஸ் சிலிண்டர் வந்துவிட, அவர் அப்படியே எழுந்து போனார். நான் சமையலறைக்குப் போனேன். பதிவை நிறுத்தவில்லை. சற்று நேரத்தில் திரை தானாக இருண்டுவிட்டது. உள்ளே பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மாலையில்தான் பார்த்தோம். முழுப் பாட்டும் இருந்தது, குதிக்கும் சத்தத்தோடு. பாட்டுக்கு முன்னால் தன் பொம்மையிடம் அவள் சொல்வதும் இருந்தது: "நீ கம்முனு இரு. நான் பாடணும்."

"போட்டுக் காட்டுவோம்மே. 'நைனா, நான் பாடிட்டேன்'னு குஷியாயிடுவா. பயம் போயிடும்."

வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இருண்ட திரையும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டால்? இப்போது சிவப்பு விளக்கின் முன் மட்டும்தான் வாயை மூடுகிறாள். அப்புறம் குளிக்கும்போதும் பஸ்ஸிலும் பாடுவதை நிறுத்திவிட்டால்? "நீ ரொம்ப யோசிக்கிற" என்கிறார். இருக்கலாம். ஆனால் அவளுக்குத் தெரியாமல் அவள் குரலை வைத்துக்கொண்டிருப்பதும் உறுத்துகிறது.

ஆண்டு விழாவுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. குழந்தைகளோடு வீட்டில் பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். அந்தப் பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டலாமா? காட்டாமல், மைக்கையும் லேப்டாப்பையும் கொஞ்ச நாள் பரண்மேல் ஏற்றிவிடலாமா? உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி வாயை மூடிக்கொண்டு, பிறகு திறந்திருந்தால், என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.