மாப்பிள்ளை ஏறிய டவுன் பஸ்

ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் மதுரையில் சொந்தக் கார் ஒன்றுகூட இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் போவது என் சோறுதான். நான் ஆக்டிங் டிரைவர். கார் வைத்திருப்பவர்கள் கூப்பிட்டால் போய் ஓட்டிக் கொடுப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, புரோட்டாக் கடை, செங்கல் சூளை, போர்வெல் லாரி என்று சுற்றி இதில் வந்து நிற்கிறேன். இது போனால் இன்னொன்று. அதனால் காரில்லாத மதுரையைப் பயமில்லாமல் நினைத்துப் பார்ப்பேன். நினைத்தாலே சிரிப்பு வந்துவிடும். எல்லாம் ஒரு கல்யாணத்தால் வந்தது.

மாப்பிள்ளை வீடு விளாங்குடி. மண்டபம் டி. கல்லுப்பட்டியில். கார் மாப்பிள்ளையின் தாய்மாமனுடையது. சீட்டில் பாலித்தீன் உறைகூடப் பிரிக்காத புது வண்டி. மாமாவுக்கு ஓட்டத் தெரியாது. முன்சீட்டில் அவர், பின்சீட்டில் மாப்பிள்ளையும், தாலி இருந்த மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் அம்மாவும். சொந்தக்காரர்கள் எல்லோரும் முன்னாலேயே வேனில் போய்விட்டார்கள்.

திருமங்கலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றோம். பெரிய முகூர்த்த நாள். வழியிலிருந்த ஒரு மண்டபத்துக்கு வந்த கார்கள் ரோட்டின் இரண்டு பக்கத்தையும் அடைத்திருந்தன. நடுவில் மிஞ்சிய சந்தில் பூக்கட்டிய இரண்டு கார்கள் மூக்கோடு மூக்காக நின்றன. இரண்டிலும் மாப்பிள்ளை. கல்யாண வண்டியைப் பின்னால் எடுத்தால் அபசகுனம் என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் கார்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். அடைப்புக்கு அந்தப் பக்கம், கல்லுப்பட்டியிலிருந்து வந்த டவுன் பஸ் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. கண்டக்டர் கத்தினார்: “இதுக்கு மேல போகாது! கல்லுப்பட்டிக்கே போறோம், ஏறுறவங்க ஏறுங்க!”

ஓடிவந்து, வண்டியைப் புளியமரத்தடியில் ஒதுக்கிவிட்டுச் சொன்னேன். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிவிட்டான். அம்மாவும் இறங்கிவிட்டார். மாமா அசையவில்லை.

“புது வண்டிய ரோட்டுல விட்டுட்டா? எவனாச்சும் ஒரு கீறல் போட்டுட்டான்னா?”

“நான் காவல் இருக்கேண்ணே.”

“உன்கிட்ட சாவியக் குடுத்துட்டு அப்புறம் எந்த ஊர்லய்யா உன்னையத் தேடுறது?”

நியாயமான கேள்வி. எனக்கே விலாசம் கிடையாது.

ஆனால் அவர் இல்லாமல் கல்யாணம் நடக்காது. அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன் கையால் உருமா, அதாவது தலைப்பாகை, கட்டிய பிறகுதான் மாப்பிள்ளை மணையில் உட்காரலாம். முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

“தம்பி, கெஞ்சிக் கேக்குறேன், வாடா,” என்று அக்கா தம்பியிடம் அழாத குறை.

மாப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. “மாமா, நீங்க காருக்கே உருமா கட்டிக்கிட்டு இருங்க. நான் போறேன்.”

“போறேன்னு சொல்லாதடா, வாரேன்னு சொல்லு!” என்று அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

இரண்டு பேரும் கார்களுக்கு நடுவே நடந்தார்கள். மாமா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். மருமகனின் மாலை எங்கோ தூரத்தில் சின்னதாகத் தெரிந்ததும் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது. குதித்து இறங்கினார், காரைப் பூட்டினார், சாவியை இடுப்பில் சொருகினார், என் கையைப் பிடித்தார். “நீயும் வா. உன்னைய இங்க விட்டுட்டுப் போக மாட்டேன்.” ஓடினோம். ஹாரன் அடித்துச் சலித்த கார்களெல்லாம் எங்களை வேடிக்கை பார்த்தன. அந்த ஓட்டத்தில்தான் எனக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது.

பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர், “அம்மாவுக்கு ஃப்ரீ. மாப்பிள்ளைக்கு இன்னும் அரசாங்கம் ஃப்ரீ விடலண்ணே, டிக்கெட் எடுங்க,” என்றார். பஸ்ஸே சிரித்தது.

அம்மா வெயிலைப் பார்த்தார். மஞ்சப்பையிலிருந்து உருமாத் துணியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். “மண்டபத்துல போய்க் கட்ட நேரமில்லடா. இங்கயே கட்டு.”

“ஓடுற பஸ்லயா?”

கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்து மாப்பிள்ளைக்கு இடம் விட்டாள். மாமா கால்களை அகல வைத்து நின்றார். அவர் இடுப்பை நான் பிடித்துக்கொண்டேன், என் சட்டையைக் கண்டக்டர் பிடித்துக்கொண்டார். பஸ் வளைந்தால் துணியும் வளைந்தது. ஒரு பள்ளத்தில் உருமா மாப்பிள்ளையின் மூக்கு வரை இறங்கிவிட்டது. “கண்ணு தெரியட்டும்ணே, பொண்ணப் பாக்கணும்ல!” என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். கடைசி முடிச்சு விழுந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். டிரைவர் ஹாரனை அமுக்கிய கையை எடுக்கவில்லை. மாமா அழுதுகொண்டே சிரித்தார்.

மண்டப வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தினார்கள். பூக்கட்டிய காரை எதிர்பார்த்து ஆரத்தித் தட்டோடு நின்ற பெண் வீட்டார் பஸ்ஸைத் தள்ளிப் போகச் சொன்னார்கள். கோணல் தலைப்பாகையோடு படியிறங்கிய மாப்பிள்ளையைப் பார்த்து, மாடி ஜன்னலிலிருந்து மணப்பெண் சத்தமாகச் சிரித்தாள். நேரத்துக்குத் தாலி ஏறியது.

சாப்பிட்டுவிட்டு மாமாவும் நானும் திரும்பவும் பஸ் ஏறினோம். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருவரிடம் உருமா கட்டிய கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார். ரோடு காலியாகக் கிடந்தது. புளியமரத்தடியில் கார் தனியாக நின்றது. பானெட்டில் முன்காலை வைத்து இரண்டு ஆடுகள் காரில் கட்டியிருந்த மாலையைத் தின்றுகொண்டிருந்தன.

“அண்ணே, நம்ம காரு. இறங்கணும்.”

அவரும் பார்த்தார். ஆட்டையும் பார்த்தார். பிறகு பக்கத்து ஆள் பக்கமே திரும்பிக்கொண்டார்.

“அடுத்த ஸ்டாப்புல இறங்கி நடந்துக்கிருவோம்யா. கதையில இப்பத்தான உருமா மூக்குக்கு இறங்கியிருக்கு.”