கறுப்பாகாத இடம்

இது நடு ராத்திரியில் நடந்தது இல்லை. பட்டப்பகல். பிப்ரவரி ஒன்பது, வெள்ளிக்கிழமை, மதியம் 1.12. கண் மயங்கியதாக யாரும் சொல்லிவிட முடியாது. திரையை நான் எடுத்த படங்கள் இன்னும் என் போனில் இருக்கின்றன. அழிக்கத் தைரியம் வரவில்லை.

கெமி என்ற வடக்குப் பனி ஊரில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு சின்ன அச்சகத்தில் படங்களைச் சரிசெய்வது என் வேலை. அங்கே உறைகடலில் துளை போட்டு மீன் பிடிப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் செயலாளர் கைசு ஹியத்தலா என்ற வயதான பெண்மணி ஒரு பழைய போஸ்டரைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். வெள்ளைக் கடல், அதன் மேல் கொட்டும் பனி, அதற்கும் மேல் மங்கலாகத் தெரியும் ஐந்து பேரின் முகங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக லேயர் லேயராகச் செய்த வேலை. மூலக் கோப்பு தொலைந்துவிட்டது. அதே மாதிரி புதிதாகச் செய்து தரவேண்டும்.

முழுதாக ஒன்பது நாள் உட்கார்ந்து செய்தேன். கடைசியில் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. பழைய போஸ்டரை ஸ்கேன் செய்த படத்தை என் படத்தின் மேல் வைத்து, வித்தியாசத்தை மட்டும் காட்டச் சொல்லலாம். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடம் கறுப்பாகிவிடும். எங்கே தப்பு இருக்கிறதோ அது மட்டும் வெளிச்சமாகத் தெரியும்.

வைத்தேன். எல்லாம் கறுப்பு. நடுவில் மட்டும்... ஒரு ஆள்.

கடல் மேல் நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, ஒரு தோள் சரிந்து. பழைய படத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. என் படத்திலும் இல்லை. இரண்டையும் சேர்த்தால்தான் இருந்தார்.

அழுக்கோ என்னவோ என்று பனி லேயரைக் கொஞ்சம் நகர்த்தினேன். மறுபடி பார்த்தேன். மணி 1.19. அவருக்கு முழங்காலுக்குக் கீழே இல்லை.

நான்தான் அழித்துவிட்டேன் என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போனேன். பனி பழைய இடத்துக்கு வந்தது. கால் வரவில்லை.

சேமிக்காமல் மூடினேன். திரும்பத் திறந்தேன். 1.26. இடுப்பு வரை போயிருந்தது. இரண்டு கைகளையும் ஐஸ் மேல் விரித்து ஊன்றியிருந்தார்.

முகம் என்னைப் பார்த்து...

போனில் படம் எடுத்துக் கைசுவுக்கு அனுப்பினேன். 1.33க்கு அவரே கூப்பிட்டார். குரல் சரியில்லை.

"சிர்க்கா, இது ஏது உனக்கு?"

"போஸ்டர்ல தெரியுது. யாருன்னு தெரியல."

"போஸ்டர்ல எப்படிம்மா இருப்பான்? அவன் சங்கத்துல சேந்தே மூணு வருஷம்தான் ஆவுது. இது எங்க தௌனோ. என் தம்பி."

"அவர் இப்ப எங்க இருக்கார்?"

"கடல்ல. காலைலயே போயிட்டான்."

போன் துண்டிக்கப்பட்டது. அடுத்த ஐந்து நிமிடம் நான் திரையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1.38க்கு மறுபடி கூப்பிட்டார். சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார்.

"நல்லா இருக்கான்! தெர்மாஸ்ல காப்பி குடிச்சிட்டு ஒக்காந்திருக்கானாம். 'மீன் கொத்துற நேரத்துல பேய்க்கதை சொல்றியா கெழவி'ன்னு திட்டுறான். விடுவேனா? அத்தனையும் கட்டிட்டு இந்த நிமிஷமே வீட்டுக்கு வான்னு சொல்லிட்டேன்."

"வர்றாரா?"

"முனகிக்கிட்டே பனி ஸ்கூட்டர்ல வர்றான்."

எழுந்து போய்க் காப்பி ஊற்றிக்கொண்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

1.51.

மவுசை நான் தொடவே இல்லை.

கழுத்து வரை போயிருந்தது.

கைசுவைக் கூப்பிட்டேன். லைன் பிஸி. மறுபடி. பிஸி. அவசர உதவி எண்ணை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தாள்.

"எந்த இடம்?"

"கடல்ல... ஒருத்தர் ஐஸ் உடைஞ்சு உள்ள விழுந்துட்டார்."

"கடல்ல எங்கம்மா? நீங்க நேர்ல பாக்குறீங்களா?"

திரையில் கறுப்பு. இடம் இல்லை. திசை இல்லை.

"அவர் பேர் தௌனோ ஹியத்தலா. பனி ஸ்கூட்டர்ல வர்றார். எங்கன்னு... எனக்குத் தெரியல..."

"அமைதியா இருங்க. ஆள் அனுப்புறோம்."

1.55. ஒரு கை மட்டும்.

விரல்கள்.

1.57.

எல்லாம் கறுப்பு.

ஒரு புள்ளி வித்தியாசம்கூட இல்லை. ஒன்பது நாளில் முதல்முறையாக இரண்டு படமும் அச்சாகப் பொருந்தியிருந்தன.

சாயங்காலம் நாலரைக்கு அவரைத் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து, தேவாலயக் கூடத்தில் காப்பி கொடுத்தார்கள். கைசு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே மீட்புப் படையில் இருந்த ஒரு பெரியவர். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் அவர் பேசினார்.

"அவன் ஒக்காந்திருந்த எடத்தைப் போய்ப் பாத்தேன். அறுபது சென்டிமீட்டர் ஐஸ். லாரியே நிக்கும். இருட்டுற வரைக்கும் அங்கேயே இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. என்ன அவசரமோ தெரியல, சாமானை எல்லாம் அப்படியே வாரிப் போட்டுக்கிட்டு, எப்பவும் வர்ற வழிய விட்டுட்டு ஆத்து முகத்துவாரத்துக்குக் குறுக்கால வந்திருக்கான். அங்க ஐஸ் பத்து சென்டிமீட்டர்கூட கெடையாது. அவனுக்குத் தெரியாத கடலா இது? யாரோ போன் பண்ணிக் கூப்பிட்டிருக்காங்க போல..."

கைசு கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

நானும் பார்க்கவில்லை.