பயப்படுவதற்குச் சம்பளம்

பயப்படுவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கிய மனிதர் குன்னூரில் ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் ஆறுக்குட்டி. காரமடைக்காரர். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் முதல் கொண்டை ஊசி வளைவில் மூடிய கண்ணைக் குன்னூர் பஸ் ஸ்டாண்டில்தான் திறப்பார். எத்தனையோ வருடமாக அந்த வழியில் போய்வருகிறவர், பர்லியாறு எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கேஸ் சிலிண்டர், இடி, நாய், மேலதிகாரி, மேலதிகாரியின் நாய் எல்லாவற்றுக்கும் பயம். வெலிங்டன் பக்கத்துச் சிறுத்தைகள்கூட, இந்த மனிதர் பாவம், பயந்தே போய்விடுவார் என்று இவர் தெருவை விட்டுச் சுற்றிப்போவதாக ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு.

அப்படிப்பட்டவரைத்தான் அந்த வெளிநாட்டுத் தேயிலைக் கம்பெனி தேடிப் பிடித்தது. கம்பெனிக்குத் தலை ஜெர்மனியில், பணப்பை சிங்கப்பூரில், கை மட்டும் குன்னூரில். இங்கே தேயிலை விளைகிறது. விற்பது டாலரில். கப்பல் போய், சரக்கு சேர்ந்து, பணம் வர மூன்று மாதம் ஆகும். அதற்குள் டாலர் இறங்கிவிட்டால் கூலிக்கும் கரண்டுக்கும் போதுமான ரூபாய் தேறாது. எல்லோரும் நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால் அதை நினைத்து ஒருவர் தூங்காமல் இருக்க வேண்டும். அந்த ஒருவர் ஆறுக்குட்டி.

அவர் மனைவி மரகதத்துக்கு இந்த உத்தியோகம் கடைசி வரை பிடிபடவில்லை.

"ஏனுங்க, நீங்க கொழுந்து பறிக்கறதுமில்லை, காய வெக்கறதுமில்லை, விக்கறதுமில்லை. அப்பிடி என்னதான் பண்றீங்க?"

"கேத்தியில கேரட் போடறவரு, தோண்டறதுக்கு முன்னாடியே மண்டியில வெலை பேசிக்கறாரில்ல? அது மாதிரித்தான். மார்ச்சுல இத்தனை டாலர் கொண்டாந்து தாரோம், இந்த வெலை குடுத்தரோணும்னு பேங்க்குல இன்னைக்கே பேசி வெச்சுக்கறது. ஃபார்வர்டும்பாங்க."

"மார்ச்சுல டாலர் ஏறிப்போச்சுன்னா?"

"ஏறட்டும். பேசுன வெலைதான். ஏறுனா வர்ற லாபம் நமக்கு வேண்டாம்னு விட்டுட்டுத்தான், எறங்குனா விழற அடியிலிருந்து தப்பிக்கறோம்."

"லாபம் வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு ஆபீஸு!" என்று மரகதம் முகவாயில் கை வைத்தாள். "நம்மூட்டுல சும்மாவே சொல்லுவீங்களே."

"வட்டிக்கும் அப்பிடித்தான் மரகதம். புது பாக்டரிக்கு வாங்குன கடன்ல வட்டி ஏறும், எறங்கும். சிங்கப்பூர்க்காரங்க ஒரு பேங்க்கைப் புடிச்சு, அந்த ஏத்த எறக்கத்தை நீ வெச்சுக்க, நாங்க மாறாத வட்டியாக் கட்டிக்கறோம்னு மாத்திக்கிட்டாங்க. ஸ்வாப்புன்னு பேரு."

"ஏத்த எறக்கத்தை வாங்கிக்கறதுக்கும் ஒருத்தன் இருக்கானா?" என்றாள் மரகதம். "அந்தப் புண்ணியவான் எங்க இருக்கான்னு கேளுங்க. எங்கண்ணனைக் குடுத்தரலாம்."

இந்த வேலையில் விதி ஒன்றே ஒன்று. வாங்குகிறவர் ஆர்டரை உறுதி செய்த பிறகுதான் பேங்க்குக்கு டாலரை முன்கூட்டி விற்க வேண்டும். ஆர்டர் இருந்தால் அதற்குப் பெயர் காப்பு. ஆர்டர் இல்லாமல் அதே காரியத்தைச் செய்தால் சூதாட்டம். சிங்கப்பூரில் பணப்பையைக் காக்கும் கீர்த்திவாசன் இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். கீர்த்திவாசன் ஆறுக்குட்டியைவிட வயதில் மிகவும் சிறியவர். ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. அதனாலேயே ஆறுக்குட்டிக்கு அவரிடம் பயம் அதிகம். கத்துகிறவர்கள் எப்போது நிறுத்துவார்கள் என்பதாவது தெரியும்.

ஜனவரியில் குந்தாப் பக்கத்து எஸ்டேட்டில் முதல் உறைபனி விழுந்தது. தேயிலைக்காரர்களுக்கு முதல் பனி என்றால் கொண்டாட்டம். லேசான பனி பட்ட கொழுந்துக்கு ஒரு மணம் வரும். அதற்கென்றே ஜெர்மனியில் ஒரு வியாபாரி காத்திருந்து, சாம்பிளைக் குடித்துப் பார்த்து, முழுவதையும் வாங்கிக்கொள்வார். வருடம் தவறாமல் வாங்கியதால், முதல் பனி விழுந்தாலே சரக்கு விற்றுப்போன மாதிரிப் பேசுவது குன்னூர் ஆபீஸில் பழகிவிட்டது. எஸ்டேட் மேனேஜர் டெனின், புதுத் தேயிலையை ஒரு பெரிய ஃப்ளாஸ்க்கில் போட்டு அனுப்பிவைப்பார். ஆபீஸே கூடி நின்று குடிக்கும்.

அந்த வருடத்துத் தேயிலையின் மணம் ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திறக்கும் முன்பே சிம்ஸ் பார்க் வரைக்கும் போய், பூ பார்க்க வந்தவர்களெல்லாம் பூவை விட்டுவிட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள் என்பார்கள். டெனின் போனில் குதித்தார். "சார், இந்த மாதிரி ஒரு பனி நான் பார்த்ததில்ல. முழுசும் போயிடும். வித்தாச்சுன்னே வெச்சுக்குங்க."

ஆறுக்குட்டியும் ஒரு கப் குடித்தார். ஆனால் அவர் கண் கம்ப்யூட்டரில் இருந்தது. அந்த வாரம் முழுக்க டாலர் இறங்கிக்கொண்டே இருந்தது. சாம்பிள் ஜெர்மனி போய்ச் சேர்ந்து, வியாபாரி குடித்து, தலையாட்டி, ஆர்டர் வருவதற்குள் டாலர் எந்தப் பள்ளத்தில் கிடக்குமோ என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். பயந்த மனிதர் பயத்தாலேயே விதியை மீறினார். கோயமுத்தூரில் உள்ள பேங்க்குக்குப் போன் போட்டு, வராத ஆர்டருக்கு, பறிக்காத கொழுந்துக்கு, பனிக்காலத் தேயிலை மொத்தத்துக்கும் மார்ச் மாத டாலரை விற்றுவிட்டார். அன்றைக்கு மத்தியானம் நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிட்டார்.

அப்புறம்தான் பனி தன் வேலையைக் காட்டியது. லேசாக விழுந்து மணம் கொடுத்த பனி, அடுத்தடுத்த நாட்களில் உப்பு மூட்டையைக் கவிழ்த்த மாதிரிக் கொட்டியது. பைக்காராவில் ஒரு மனிதர் கொட்டாவி விட்டு வாயை மூட முடியாமல் வெயில் வரும் வரை அப்படியே நின்றாராம். டெனின் மறுபடியும் கூப்பிட்டபோது குரலில் உயிரில்லை.

"சார், முடிஞ்சுது. வெந்நீர் ஊத்தின மாதிரி செடியெல்லாம் கருகிக் கெடக்கு. சாம்பிளுக்கு அனுப்பினதுதான் மிச்சம்."

ஆறுக்குட்டி போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். இறங்கிக்கொண்டிருந்த டாலர் திரும்பி நின்று ஏற ஆரம்பித்திருந்தது.

விஷயம் இவ்வளவுதான். மார்ச்சில் பேங்க்குக்கு டாலர் கொடுக்க வேண்டும். தேயிலை இல்லை, அதனால் டாலரும் வராது. அன்றைய கடைவிலையில் டாலரை வாங்கித்தான் கொடுக்க வேண்டும். பேசிய விலைக்கும் கடைவிலைக்கும் நடுவே உள்ள பள்ளம் மணிக்கு மணி ஆழமாகிக்கொண்டிருந்தது. அவர் ஆயுசுக்கும் சம்பளம் வாங்கிப் போட்டாலும் அது நிரம்பாது. வேலை போகும். சூதாடினான் என்ற பெயரோடு போகும். அந்தப் பெயரோடு இறங்கிப் போனால் காரமடையில் தராசு பிடிக்கக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மறுநாள் காலை ஆபீஸுக்கு நடந்தார். பெட்ஃபோர்டு பக்கம் மூடுபனியில் வழியை அடைத்துக்கொண்டு ஒரு காட்டெருமை நின்றது. லாரியைப் பக்கத்தில் நிறுத்தினால் லாரிதான் கன்றுக்குட்டி மாதிரித் தெரியும், அந்த அளவு. ஜனங்கள் இரண்டு பக்கமும் மூச்சைப் பிடித்து ஒதுங்கி நின்றார்கள். ஆறுக்குட்டி நேராக அதனிடம் போய், "கொஞ்சம் ஒதுங்கிக்குங்க, ஆபீஸுக்கு நேரமாச்சு" என்றார். அது இவர் முகத்தைப் பார்த்தது. என்ன தெரிந்ததோ, தலையைத் தாழ்த்தி வழி விட்டது. தான் யாரிடம் பேசினோம் என்பது ஆபீஸ் படியில் கால் வைத்தபோதுதான் அவருக்கு உறைத்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

படியில் அவரைப் பார்த்தவள் ஜெஸிந்தா. ஆபீஸில் ஆர்டர்களைக் கவனிக்கிறவள், குன்னூர்க்காரி, வாய்த்துடுக்கு. "என்ன அண்ணா, இன்னைக்கு எதுக்குப் பயம்? பூனை குறுக்க வந்துச்சா?" என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

ஜெஸிந்தா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "மார்ச் வரைக்கும் யாரும் கேக்கப் போறதில்லைண்ணா. நீங்க வருஷா வருஷம் பண்றதுதானே, ஆர்டர் வந்துடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க. அதுக்குள்ள டாலர் எறங்கினாலும் எறங்கிடும். செடியும் துளுத்துடும். பேசாம இருங்க."

ஆறுக்குட்டி அன்று முழுக்கப் பேசாமல் இருந்தார். டாலர் ஏறியது. மறுநாள் கொஞ்சம் இறங்கியது. அவர் நெஞ்சில் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், உடம்பு முழுக்க வியர்த்துவிட்டது. டாலர் இறங்க வேண்டும் என்று அவர் வாழ்நாளில் வேண்டிக்கொண்டதில்லை. இப்போது கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சீட்டாட்டக்காரன் மாதிரி வேண்டிக்கொண்டிருக்கிறோமே என்று புரிந்தது. மார்ச் வரை இப்படியே வேண்டிக்கொண்டிருக்க வேண்டும். சிறுத்தை, இடி, சிலிண்டர் எதுவும் அவரை இந்த மாதிரி உலுக்கியதில்லை. சிங்கப்பூருக்குப் போன் போட்டார்.

"சொல்லுங்க ஆறுக்குட்டி சார்" என்றார் கீர்த்திவாசன், வழக்கமான மெல்லிய குரலில்.

"சார், ஆர்டர் இல்லாம டாலர் வித்துப்போட்டனுங்க."

"எவ்வளவு?"

"பனிக்காலத் தேயிலை முழுசுக்குங்க."

"தேயிலை?"

"கருகிப்போச்சுங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கோபத்தில் பேசாமல் இருக்கிறாரா, லைன் போய்விட்டதா என்று தெரியாமல் ஆறுக்குட்டி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். காது வலித்தது.

"மார்ச் வரைக்கும் டைம் இருக்கே. இப்ப ஏன் சொல்றீங்க?"

"டாலர் எறங்கோணும்னு சாமி கும்புட ஆரம்பிச்சுட்டனுங்க. அது எனக்குப் பயமா இருக்குதுங்க."

பிறகு கீர்த்திவாசன் சொன்னார். "இன்னொரு போன்ல பேங்க்கைக் கூப்பிடுங்க. இப்பவே கேன்சல் பண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பேங்க்கில் போனை எடுத்த ஹுமா எப்போதும் சிரித்துப் பேசுகிற பெண். கேன்சல் என்றதும் சிரிப்பு நின்றது. கேன்சல் என்றால் விற்ற டாலரை அன்றைய விலைக்குத் திரும்ப வாங்குவதுதான். விலையைச் சொன்னாள். ஆறுக்குட்டி "டன்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் முடிந்தது. பேச்சு பதிவாகிவிடும், பின்வாங்க முடியாது. நஷ்டம் அந்த நிமிடமே நிஜமாகிவிடும். ஒரு காதில் சிங்கப்பூர், மறு காதில் கோயமுத்தூர், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"சார், விலை மாறிடுச்சு" என்றாள் ஹுமா. புது விலை முன்னதைவிட மோசம்.

இன்னும் ஒரு நிமிடம் பொறுத்தால் இறங்கலாம். காலையில் இறங்கியதே. அந்த நினைப்பு வந்ததும் ஆறுக்குட்டிக்குத் தலைமுடி நட்டுக்கொண்டது.

"டன்" என்றார். வார்த்தை வந்த வேகத்தில் மேஜை மேலிருந்த டீ ஆடியது.

அப்புறம் வந்த நாட்களில் அவர் சாப்பிட்டதும் தூங்கியதும் அவருக்கே தெரியாது. மரகதம் பெட்டியைக் கட்டி வாசல் பக்கம் வைத்துவிட்டாள். "போறதுன்னா பகல்ல போலாமுங்க. தலை குனிஞ்சு போகோணும்னு ஒண்ணுமில்லை" என்று மட்டும் சொன்னாள். அவள் கேலி செய்யாதது அவரை இன்னும் பயமுறுத்தியது.

வார முடிவில் கீர்த்திவாசன் கூப்பிட்டார். "ரூலை மீறினீங்க, அதனால இனிமே டீலிங் உங்ககிட்ட இல்ல. இந்த வருஷம் இன்கிரிமென்ட்டும் கிடையாது. வேலை போகாது. மார்ச்சுல நாங்களா கண்டுபிடிச்சிருந்தா அதுவும் போயிருக்கும். நஷ்டமும் இப்ப ஆனதைப் போல ரெண்டு மடங்கு ஆகியிருக்கலாம், பாதியாவும் ஆகியிருக்கலாம். அதைப் பத்திப் பேச வேண்டாம். இனி ஜெஸிந்தா புக் பண்ணட்டும். ஆர்டர் இருக்கான்னு நீங்க பாருங்க."

ஆறுக்குட்டி "சரிங்க" என்றார். பிறகு போன் வைக்கப்பட்டது தெரியாமல் இன்னொரு தடவை "சரிங்க" என்றார். சாயங்காலம் மரகதம் பெட்டியை உள்ளே எடுத்து வைத்தாள். அன்றைக்கும் கேலி செய்யவில்லை. அடுத்த நாள்தான் ஆரம்பித்தாள்.

ஜெஸிந்தாவுக்கு முதல் டீலிங் பிப்ரவரியில் வந்தது. தேவாலா பக்கத்து பாக்டரியிலிருந்து சரக்கு. மழைப் பிரதேசம், பனித் தொல்லை இல்லாத இடம். காலையில் "இதென்ன பெரிய வித்தை" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவள், போனைக் கையில் எடுத்ததும் எண்களைப் பார்த்தாள். அவை ஆடிக்கொண்டிருந்தன. போனைத் திரும்ப வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"அண்ணா, பக்கத்துல வந்து உக்காருங்களேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

"எறங்குது அண்ணா. இன்னும் எறங்குமா?"

"தெரியாது கண்ணு."

"நான் வித்தப்புறம் ஏறிடுச்சுன்னா?"

"அதும் தெரியாது."

"ரெண்டும் தெரியாதுன்னா நீங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?" என்று சீறினாள் ஜெஸிந்தா.

"ஆர்டர் வந்திருக்குதா?"

"வந்திருக்கு."

"உறுதி பண்ணிட்டாங்களா?"

"பண்ணிட்டாங்க."

"சரக்கு?"

"பாக்டரியில பேக் பண்ணி அடுக்கியிருக்கு. டெனினே போய்ப் பார்த்துட்டு வந்தாரு."

"அப்ப பேங்க்கைக் கூப்புடு கண்ணு."

அவள் கூப்பிட்டாள். ஹுமா விலையைச் சொன்னாள். ஜெஸிந்தா அவரைப் பார்த்தாள். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. இரண்டு பேரும் ஒன்றாக மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"டன்" என்றாள் ஜெஸிந்தா.