மந்தாரக்குப்பத்துக்கு ஒரு டகோட்டா

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது. நான் கம்ப்யூட்டரில் டகோட்டா ஓட்டுகிறேன். ரெட்டை புரொப்பல்லர் வைத்த, அந்தக் காலத்துப் பயணிகள் விமானம். இருமிக்கொண்டேதான் ஸ்டார்ட் ஆகும். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ஊருக்கு என்றேன். இதைவிட வேகமான விமானம் இல்லையா என்றார். இருக்கிறது, அதில் போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்றேன். பாவம், கையில் காசில்லை என்று நினைத்துக்கொண்டார் போல. மறுநாள் என் கதவில் மலிவு டிக்கெட் விளம்பரம் செருகியிருந்தது.

அம்மா காரியம் முடிந்து வந்தவன்தான், பிறகு ஊருக்குப் போகவில்லை. அம்மா இல்லாத வீட்டுக்குள் நுழைய எனக்குப் பயம். அப்பா நெய்வேலி மைன்ஸில் மண் வெட்டும் ராட்சத மெஷின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துவிட்டு, மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். எப்போது வருவாய் என்று கேட்பதையும் விட்டுவிட்டார். சாப்பிட்டியா என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சே இல்லை, டகோட்டா வரும்வரை. இப்போது வாராவாரம் வீடியோ காலில் உட்கார்ந்து, "ஆயில் பிரஷர் பாருடா" என்று அதட்டுகிறார்.

ஒவ்வோர் ஊராக இறங்கி ஏறி, போன ஞாயிறு நெய்வேலியை நெருங்கிவிட்டேன். இங்கே காலை, அங்கே சாப்பாட்டு நேரம். குறிஞ்சிப்பாடி தாண்டியதும் அப்பா, "அப்படியே சாய்டா, நம்ம குவார்ட்டர்ஸ் பிளாக் தெரியும்" என்றார். சாய்த்தேன். எல்லா வீடும் ஒரே அச்சு. நிஜத்திலும் அப்படித்தான் என்பதால் கம்ப்யூட்டரைக் குறைசொல்ல முடியாது. அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டும் சத்தம். விமானத்தை அந்தரத்தில் நிறுத்திவைத்துவிட்டுப் போய், பக்கத்து வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பினேன்.

"இன்னாடா இது, சீட்ட வுட்டு எழுந்து போற? ரிலீவர் வந்தானா?"

"நிறுத்தி வெச்சிட்டுத்தாம்பா போனேன்."

"நிறுத்துனா ஆச்சா? அடுத்த ஆளு வந்து ஒக்காந்தாதான் எழுந்திருக்கணும். நான் பார்த்துகினு இருந்தேன், சரியாப் போச்சு."

ஒரு தீபாவளிக்கு ரிலீவர் வராமல் அடுத்த ஷிப்டும் அவரே உட்கார்ந்துவிட்டார். அம்மா கடைசிவரை அதைச் சொல்லிக்காட்டினாள்.

டவுன்ஷிப் ஓடுபாதையில் குலுங்கி இறங்கினேன். புரொப்பல்லர்கள் நின்றன. அப்பா எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"சரி, எறங்கி வா. சோறு ஆறுது."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். உள்ளே போனவர் தட்டு எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று. போனில் அவருடைய காலி நாற்காலி மட்டும் தெரிந்தது. அவர் திரும்பி வரும்வரை அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.