பட்டாம்பூச்சிக் கூட்டில் குளவிகள்

எங்கள் அடுக்குமாடி வீட்டுப் பால்கனிக் கறிவேப்பிலைச் செடியில் ஒரு பச்சைப் புழு இருந்தது. சமையலுக்கு இலை மிஞ்சாமல் அது தின்றபோதும் விட்டுவைத்தேன். நான்கு வயது மகளிடம், "பட்டாம்பூச்சி வரும், பாரு" என்று சொல்லியிருந்தேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது.

புழு தின்பதை நிறுத்தி, தன்னை நூலால் காம்பில் கட்டிக்கொண்டது. அதன் முதுகில் எள் அளவுக்கு ஏதோ உட்கார்ந்திருந்தது. கரும்பச்சை நிறம், வெயில் பட்டால் உலோகம்போல் மின்னியது.

"அதோட ஃப்ரெண்டும்மா," என்றாள் மகள்.

நானும் ஆமாம் என்றேன். புழு கூடானதும், பறவை கொத்திவிடுமோ என்று பயந்து, கிளையோடு வெட்டிக் கூடத்து ஜன்னலோரம் ஒரு குவளையில் வைத்தேன்.

பச்சைக் கூடு மெல்லப் பழுப்பானது. வரவேண்டிய நாளும் தாண்டியது. காலையில் பாலர் பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் மகள் அதனிடம் குனிந்து, "இன்னிக்கு வந்துடு, சரியா?" என்பாள். நான் கைப்பேசியில் தேடிப் படித்தேன். முதுகில் இருந்தது ஒரு குளவி. புழு கூடாகும் வேளைக்காகவே காத்திருந்து, மேல்தோல் இறுகுமுன் உள்ளே முட்டையிட்டுவிடுமாம். அதன் குஞ்சுகள் உள்ளேயே தின்று வளருமாம். இதை இவளிடம் எப்படிச் சொல்வது?

ஒரு மாலை கீழே கொசுப்புகை அடிக்க வந்தார்கள். ஜன்னல்களை மூடினேன். வெள்ளைப் புகை மாடி மாடியாக ஏறியது. எதிர்க் கட்டடம் கரைந்தது, தூரத்துக் கடலும் கரைந்தது. வீடு மேகத்துக்குள் மிதப்பதுபோல் இருந்தது. அந்த வெள்ளை வெளிச்சத்தில், கூட்டில் குண்டூசித் துளை ஒன்று தெரிந்தது. அதிலிருந்து குளவிகள் ஒவ்வொன்றாக வந்து, பச்சைப் பொறிகள்போல் ஜன்னல் கண்ணாடியில் ஏறின.

தன் வீட்டு ஜன்னல் சரியாக மூடாததால் புகைக்குப் பயந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா எழுந்துவிட்டார். "ஐயோ, கொட்டும் லா! மருந்து அடிச்சு விடு."

"கொட்டாதாம்க்கா," என்றபடியே மகளை என் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"பட்டாம்பூச்சி எங்கம்மா?"

பறந்துபோய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. "வராதும்மா. இதுங்க உள்ள இருந்து அதைச் சாப்பிட்டு வளந்துச்சு."

அவள் என் மடியில் முகம் புதைத்து அழுதாள்.

"பிள்ளைகிட்ட இப்படியா சொல்லுவே?" என்றார் அக்கா.

புகை கலையத் தொடங்கியதும், குளவிகளை வெளியே விட ஜன்னல் கொக்கியில் கை வைத்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் புகை இருக்கும்மா. இதுங்க சின்னதா இருக்குல்ல."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். நன்றாக இருட்டும்வரை என்னைத் திறக்க விடவில்லை.